20,000 செங்கல், 20,000 கோணம்

கேள்வி: நான் பி.ஆர்க். நான்காம் ஆண்டு படிக்கிறேன். கட்டடக்கலையையும் கலையையும் ரோபோ, கணினி சொல்படி வெட்டும் சிஎன்சி போன்ற இயந்திரங்களோடு சேர்த்து வேலை செய்யும் ஸ்டுடியோக்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. அவர்கள் செய்வது உண்மையில் கட்டடமா, இல்லை கண்காட்சியில் வைக்கும் பொம்மையா? இதில் கலை எங்கே வருகிறது? ஏதாவது ஒரு ஸ்டுடியோவை வைத்து விளக்க முடியுமா?

பதில்:

முடியும். பத்துப் பெயரை அடுக்குவதைவிட ஒரே ஒரு ஸ்டுடியோவை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் இருக்கும் கிரமாசியோ கோலர். எனக்கு இவர்கள் மேல் தனிப் பிரியம் உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி வந்ததும் பல பேர் வளைந்து நெளிந்த வெள்ளைக் கூடுகளை வரையப் போனார்கள். இவர்கள் செங்கல்லைக் கையில் எடுத்தார்கள். அதற்காகத்தான் அந்தப் பிரியம்.

உங்கள் முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கட்டடம்தான். கண்காட்சிக்கென்று செய்ததும் நிறைய இருக்கிறது. அதைப் பொம்மை என்று தள்ளிவிட முடியாது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபாபியோ கிரமாசியோவும் மத்தியாஸ் கோலரும் சேர்ந்து 2000இல் இந்த அலுவலகத்தை ஆரம்பித்தார்கள். கிரமாசியோ அதற்கு முன்னால் ஈடாய் என்ற கலைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். இணையத்தையே கலையின் ஊடகமாக வைத்து 1990களில் பல வேலைகள் செய்த குழு அது. கட்டடக்கலையும் கலையும் இவர்களிடம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நிரல் எழுதுவதே ஒரு படைப்பு வேலைதான் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள். 2002இல் எம்டேபிள் என்று ஒரு மேசை செய்தார்கள். வாங்குகிறவர் தன் கைப்பேசியிலேயே மேசையின் அளவையும் பொருளையும் நிறத்தையும் முடிவு செய்யலாம். அதோடு பலகையின் அடிப்புறத்தில் எங்கே குழிவு வரவேண்டும் என்றும் அழுத்திக் காட்டலாம். அந்தத் தகவல் நேரே சிஎன்சி வெட்டு இயந்திரத்துக்குப் போய் அப்படியே வெட்டப்படும். இன்றைய மாதிரி ஸ்மார்ட்ஃபோன் வராத காலம் அது.

திருப்பம் 2005இல் வந்தது. சூரிச்சின் இ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருவரும் பேராசிரியர்களானார்கள். கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்ய நிற்குமே, அந்த மாதிரி ஒரு ரோபோக் கையைக் கட்டடக்கலைத் துறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கட்டடக்கலைக்கென்று இப்படி ஒரு ரோபோக் கூடம் அமைந்தது அதுதான் முதல் தடவை என்று சொல்வார்கள். அதிலிருந்து இரண்டு பெயர்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன: கட்டடம் கட்டும் அலுவலகம் ஒன்று, பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று. படிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நடத்துகிறவர்கள் ஒன்றுதான் என்றாலும் வேலை வேறு.

அந்தக் கையிடம் முதலில் கொடுத்த வேலை, மாணவர்களை வைத்துச் செங்கல் சுவர் கட்டுவது. ஏன் செங்கல்? மனிதன் கட்டட வேலைக்கென்று செய்த மிகப் பழைய உறுப்புகளில் ஒன்று அது. ஒரு கை பிடிக்கிற அளவு, ஒரு கை தூக்குகிற எடை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதன் அளவை முடிவு செய்தது மனிதக் கைதான். இப்போது வேறொரு கை அதை எடுத்து வைத்தால் என்ன மாறும்? அவர்கள் கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி எவ்வளவு ஆழமானது என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு சின்னச் சுவர். பல வருடங்களுக்கு முன்னால் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு முன்சுவர் வரைந்தேன். 20 அடி நீளம், 6 அடி உயரம், 500 சொச்சம் கல். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைவிட ஒன்றிரண்டு டிகிரி திரும்பி, சுவர் முழுக்க ஒரு அலை போய்வர வேண்டும். கணினியில் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. கல்லுக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு கோணம் என்று பெரிய தாளில் அச்செடுத்துக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடுத்தேன். நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, பள்ளிக்கூடக் கோணமானி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு மனுஷன் பொறுமையாக உட்கார்ந்தார். இரண்டு நாளில் மூன்று வரி. நாலாவது வரியில் தாளைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், எத்தன டிகிரின்னு சொல்லாதீங்க. கல்லு எங்க உக்காரணும்னு காட்டுங்க, வெச்சுத் தர்றேன்."

காட்ட எனக்கு வழி தெரியவில்லை. கடைசியில் பிளைவுட்டில் மூன்று கோணத்துக்கு மூன்று அச்சு வெட்டிக் கொடுத்தேன். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலை போய்ப் படிக்கட்டாகிவிட்டது. அந்த மேஸ்திரி கையில் குறையே இல்லை. நூல் பிடித்தால் நூறு அடிக்கு நேராகப் போவார். ஒரே மாதிரி வைப்பதற்குத்தான் அந்தக் கையும் அந்த நூலும் பழகியிருக்கின்றன. ஒவ்வொரு கல்லையும் வேறு வேறாக வைக்கச் சொன்னால், ஒவ்வொரு கல்லும் ஒரு புது வேலையாகிவிடுகிறது.

ரோபோவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 3 டிகிரியில் வைத்தாலும் 11 டிகிரியில் வைத்தாலும் அதற்கு ஒரே வேலை, ஒரே நேரம். இதை மனதில் வைத்துக்கொண்டு அவர்களுடைய மிக நல்ல வேலைக்கு வருவோம்.

கிழக்குச் சுவிட்சர்லாந்தில் ஃப்ளேஷ் என்ற திராட்சைத் தோட்ட ஊர். அங்கே காண்டன்பைன் குடும்பத்துக்கு ஒயின் தயாரிக்கும் கூடம் ஒன்று. கட்டடத்தை வடிவமைத்தவர்கள் பேர்த், டெப்லாஸெஸ் என்ற வேறொரு கட்டடக்கலைஞர் அலுவலகம். கான்கிரீட் தூணும் உத்தரமும் போட்டு எலும்புக்கூடு நிற்கிறது. நடுவில் சுவர் வேண்டும். உள்ளே திராட்சைச் சாறு நொதிக்கும் கூடம். அங்கே பகல் வெளிச்சம் வேண்டும், ஆனால் நேர் வெயில் படக்கூடாது, பட்டால் நொதிப்பு கெட்டுப்போகும். வெப்பமும் சட்டென்று ஏறி இறங்கக்கூடாது. கல்லுக்குக் கல் இடைவெளி விட்ட செங்கல் சுவர் இதற்குத் தோதானது. நம் ஊரில் ஜாலிச் சுவர் கட்டுகிற அதே யோசனைதான். காற்றைத் தடுக்க உட்பக்கம் பாலிகார்பனேட் என்ற ஒளி விடும் பிளாஸ்டிக் தகடு.

இதுவரை நல்ல கட்டடக்கலை. இங்கேதான் கிரமாசியோ கோலர் நுழைகிறார்கள், 2006இல். அந்தக் கான்கிரீட் சட்டகத்தை அவர்கள் ஒரு கூடையாகப் பார்த்தார்கள். கணினிக்குள் அந்தக் கூடையைச் செய்து, அதற்குள் பெரிய பெரிய திராட்சைகளை, பல அளவில், மேலிருந்து கொட்டினார்கள். புவியீர்ப்பையும் நிரலில் எழுதியிருந்தார்கள். ஆகவே பழங்கள் உருண்டு, மோதி, ஒன்றன் இடுக்கில் ஒன்று போய் அடைத்துக்கொண்டன. சந்தையில் கூடையில் பழம் கொட்டும்போது பார்த்திருப்பீர்கள், அப்படித்தான். கூடை நிறைந்ததும் நாலு பக்கத்திலிருந்தும் அதைப் படமாக எடுத்தார்கள். அந்தப் படத்தைச் செங்கல்லாக மாற்றவேண்டும்.

எப்படி? பெயின்ட் இல்லை, நிறக்கல் இல்லை, எல்லாம் ஒரே செங்கல். திருப்புவதுதான் ஒரே வழி. வெளிச்சத்தைப் பார்க்கத் திரும்பிய கல் பளிச்சென்று தெரியும், வெளிச்சத்தைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட கல் இருட்டாகத் தெரியும். படத்தில் ஒரு புள்ளி எவ்வளவு வெளுப்போ அவ்வளவுக்கு அந்த இடத்துக் கல் திரும்பும். செய்தித்தாள் புகைப்படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தால் வெறும் புள்ளி, தள்ளி வைத்தால் முகம் தெரியும் அல்லவா? இங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒரு செங்கல். மொத்தம் சுமார் 20,000 கல். 400 சதுர மீட்டர் சுவர். ஒவ்வொரு கல்லுக்கும் அதற்கென்று ஒரு கோணம்.

தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் சுவரிலிருந்து உருண்டை உருண்டையாகப் பழங்கள் புடைத்து வருகிற மாதிரி இருக்கும். துணிபோல மென்மையாகத் தெரியும். நடந்து கிட்டப் போகப் போக உருண்டை கரைந்துவிடும். ஒரு கட்டத்தில் முன்னால் இருப்பது கரடுமுரடான செங்கல் விளிம்புகள் மட்டும். பழம் எங்கேயுமே இல்லை. வெயில் நகர்ந்தால் படமும் மாறும். காலையில் புடைத்த பழம் மாலையில் குழிந்து தெரியலாம். சுவர் அசையவில்லை. நீங்களும் சூரியனும்தான் அசைகிறீர்கள்.

இதில் கலை எங்கே என்று கேட்டீர்கள். இதோ இங்கே என்பேன். பழத்தின் படத்தைச் சுவரில் வரைந்து வைத்திருந்தால் அது அலங்காரம், அவ்வளவுதான். இங்கே வெளிச்சம் விடுவதும் வெயிலைத் தடுப்பதும் படத்தைக் காட்டுவதும் ஒரே செய்கை: கல்லைத் திருப்புவது. ஒன்றைப் பிரித்து எடுத்தால் மற்றதும் போய்விடும்.

வேலை நடந்த விதத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நாம் கல்லூரியில் இந்தப் பகுதியைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். சுவரை ஃப்ளேஷில் கட்டவில்லை. சூரிச்சில் பல்கலைக்கழகக் கூடத்தில் 72 துண்டுகளாகக் கட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், கிரேன் வைத்துச் சட்டகத்துக்குள் இறக்கினார்கள். கலவை இல்லை, இரண்டு பொருள் கலந்த பசை. இங்கே ஒரு சிக்கல் வந்தது. கல் திரும்பிவிட்டதால் மேல் கல்லும் கீழ்க் கல்லும் ஒன்றன்மேல் ஒன்று படுகிற பரப்பு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வடிவம். பசையை எங்கே போடுவது? செங்கல் தயாரிப்பாளரின் பொறியாளரோடு உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கல் எப்படித் திரும்பியிருந்தாலும், சுவரின் மையக் கோட்டிலிருந்து குறித்த தூரங்களில் நாலு இணையான பசைக் கோடுகள். கல் எவ்வளவு திரும்பினாலும் மையத்துக்குப் பக்கத்தில் இரண்டு கல்லும் ஒட்டித்தான் இருக்கும். எளிமையான யோசனை, ஆனால் கல்லைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தவனுக்குத்தான் தோன்றும். பாரம் ஏற்றிச் சோதித்தபோது பசையே போதுமான வலு தந்தது. முன்தயாரிப்புச் சுவர்களில் வழக்கமாகச் செருகும் கம்பிகூடத் தேவைப்படவில்லை.

எல்லாம் முடிய மூன்று மாதம். சராசரி போட்டால் ஒரு நாளைக்கு 220 கல் சுமார். ஒரு நாளில் 400, 500 கல் வைக்கிற கொத்தனார்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ரோபோ வேகமானது, அதனால்தான் பயன்படுத்துகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறுபடுவதற்குக் கூலி கேட்காது, அதனால்தான். இன்னொரு லாபமும் இருந்தது. கணினியிலிருந்து நேரே ரோபோவுக்குத் தகவல் போகிறது, நடுவில் வேலை வரைபடம் தேவையில்லை. அதனால் சுவர் கட்ட ஆரம்பிக்கும் கடைசி நிமிஷம்வரை வடிவத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு ஒரு கோட்டை மாற்றக் கெஞ்சிக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். சிஎன்சி நமக்குப் புதிதில்லை. இன்று எந்த ஊரில் பார்த்தாலும் சிஎன்சி கட்டிங் கடை இருக்கிறது. பூஜை அறைக் கதவு, ஜாலித் தட்டி, பிள்ளையார், தாமரை எல்லாம் வெட்டித் தருகிறார்கள். அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை, நானே வெட்டி வாங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே இயந்திரம் தச்சரின் உளியை நகல் எடுக்கிறது. உளி செய்ததையே விலை குறைவாகச் செய்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், பள்ளத்தின் அடி எல்லா இடத்திலும் ஒரே ஆழம், ஒரே வழவழப்பு. ஃப்ளேஷ் சுவர் எந்தக் கையையும் நகல் எடுக்கவில்லை. ரோபோக் கைக்கு மட்டுமே சாத்தியமான எதையோ தேடிப் போனார்கள். ஒரு ஸ்டுடியோ வெறும் இயந்திரம் வைத்திருக்கிறதா, இல்லை இயந்திரத்தை வைத்து யோசிக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது இதைத்தான்.

எல்லாமே ஜெயித்தது என்று நினைக்கவேண்டாம். சூரிச்சின் பெரிய கடைவீதி பான்ஹோஃப்ஷ்ட்ராஸ. அங்கே கிறிஸ்துமஸ் விளக்குக்காக 2005இல் இவர்கள் ஒரு திட்டம் செய்தார்கள். தெருவின் நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு 275 ஒளிக்குழாய்கள், ஒவ்வொன்றும் 7 மீட்டர் நீளம், வரிசையாகத் தொங்கும். தேதியையும் தெருவில் போகிற ஜனங்களின் நடமாட்டத்தையும் வைத்து ஒளி மாறிக்கொண்டே இருக்கும். யோசனையாகப் பார்த்தால் அழகு. ஆனால் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் குளிர்ந்த வெள்ளைக் குழாயா என்று கேட்டார்கள். 2010இல் வேறு விளக்கு வந்துவிட்டது. என் கருத்தைச் சொல்வதானால், ஜனங்கள் சொன்னது நியாயம். ஃப்ளேஷ் சுவரில் நிரல் என்று ஒன்று இருப்பதே தெரியாதவனுக்கும் பழம் தெரியும். இங்கே நிரல் தெரிந்தவனுக்கு மட்டும்தான் அது விளங்கியது.

அப்புறம் கண்காட்சி வேலைகள். 2008இல், வெனிஸில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பினாலே என்ற கட்டடக்கலைக் கண்காட்சியில், சுவிஸ் அரங்கத்துக்குள் 100 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவரை வளைத்து வளைத்துக் கட்டினார்கள். 14,961 கல். இந்தத் தடவை சூரிச்சில் கட்டிக் கொண்டுபோகவில்லை. ரோபோவையே ஒரு சரக்குப் பெட்டகத்துக்குள் வைத்து வெனிஸுக்குக் கொண்டுபோய், அங்கேயே கட்டினார்கள்.

இந்தச் சுவரில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வையுங்கள், விழுந்துவிடும். லேசாக வளைத்து வையுங்கள், நிற்கும். மெல்லிய சுவருக்கும் அதே கதைதான். வளைவான இடத்தில் தானாக நிற்கும், நேராக ஓடுகிற இடத்தில் தள்ளினால் சாயும். ஆகவே நிரலில் ஒரு விதி எழுதினார்கள்: மேலே சுவர் நேராகப் போகிற இடத்தில் அடி வரிகள் அலைபோல வளைந்து காலை அகட்டிக்கொள்ள வேண்டும். பார்த்தால் பாவாடையின் கொசுவம் மாதிரி சுவர் அடியில் விரிகிறது. அழகுக்காக யாரோ வரைந்த அலை என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த அலைதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வளைவு அதிகமாகும் இடத்தில் கற்கள் அதிகம் திரும்பும் என்று இன்னொரு விதி. இரண்டே விதி, 100 மீட்டர் சுவர்.

அடுத்த வருடம் அதே ரோபோ நியூயார்க் போனது. மன்ஹாட்டனில் பைக் தெருவின் நடுத்திட்டில், 7,000க்கும் அதிகமான கல்லை வைத்து, 22 மீட்டர் நீளத்துக்கு முடிச்சுப் போல மேலே எழும்பி இறங்குகிற சுவர். லாரியில் இருந்தபடியே ரோபோ கட்டியது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

2011 முடிவில் பிரான்சின் ஒர்லியான் நகரத்தில் பறக்கும் டிரோன்களே 1,500 நுரைக்கட்டிகளைத் தூக்கிப் போய் அடுக்கி 6 மீட்டர் கோபுரம் ஒன்று செய்தன. ரோபோ பொறியாளர் ரஃபேலோ டி'ஆன்ட்ரியாவோடு சேர்ந்து செய்தது. இதை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. பார்க்க வியப்பாக இருக்கும், ஆனால் நுரைக்கட்டிக்குப் பாரம் இல்லை, பாரம் இல்லாத இடத்தில் கட்டடக்கலைக்குப் பேச அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

பாரத்தோடு விளையாடியது ராக் பிரின்ட் என்ற வேலை. 2015இல் சிகாகோ கட்டடக்கலை பினாலேயில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஸ்கைலர் டிபிட்ஸ் குழுவோடு சேர்ந்து செய்தார்கள். சரளைக் கல்லும் நூலும் மட்டும். ஒரு பெட்டிக்குள் ஒரு அடுக்குக் கல் கொட்டுவார்கள், ரோபோ அதன்மேல் நூலை வட்டம் வட்டமாக இழைத்துப் போடும், மறுபடி கல், மறுபடி நூல். நிறைந்ததும் பெட்டியைப் பிரித்தால் நூல் படாத கல்லெல்லாம் கொட்டிவிடும். நூல் பட்ட கல் மட்டும் தூணாக நிற்கும். சிமென்ட் இல்லை, பசை இல்லை. கல்லும் கல்லும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் வலு. வேண்டாம் என்று தோன்றினால் நூலின் நுனியைப் பிடித்துச் சுற்ற வேண்டியதுதான். தூண் சரசரவென்று அவிழ்ந்து மறுபடி சரளைக் குவியலாகிவிடும்.

இது பொம்மையா? 2018இல் விண்டர்டூர் நகரில் இதே முறையில் 11 தூண்கள் செய்து, அவற்றின்மேல் இரும்புக் கூரையை ஏற்றினார்கள். 30 டன் சரளை, 120 கிலோமீட்டர் நூல். விளையாட்டாகத் தொடங்கியது மூன்று வருடத்தில் கூரை தாங்கியது. இதனால்தான் கண்காட்சி வேலையைத் தள்ளாதீர்கள் என்றேன். வாடிக்கையாளர் பணத்தில் செய்து பார்க்க முடியாததை அங்கே செய்து பார்க்கலாம். சுவர் இடிந்தால் யார் தலையிலும் விழாது. வெனிஸுக்கும் நியூயார்க்குக்கும் ரோபோவை எடுத்துக்கொண்டு அலைந்த அனுபவம்தான், பின்னால் கட்டுமான இடத்திலேயே நகர்ந்து போய் வேலை செய்கிற ரோபோவாக வந்தது. 2019இல் சூரிச்சுக்குப் பக்கத்தில் டியூபன்டார்ஃபில் திறந்த டிஃபாப் ஹவுஸ் என்ற மூன்று மாடி வீட்டில், வளைந்த கான்கிரீட் சுவர் ஒன்றுக்கு உள்ளிருக்கும் கம்பிவலையை அந்த ரோபோதான் இடத்திலேயே வளைத்துப் பற்றவைத்தது. அந்த வீடு பல பேராசிரியர்களின் கூட்டு வேலை, தனிப் பதில் எழுதவேண்டிய விஷயம்.

குறைகளையும் சொல்லவேண்டும். பசை வைத்து ஒட்டிய செங்கல்லைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்த முடியாது. கலவையில் கட்டிய பழைய சுவரை இடித்தால் கல்லைக் கொத்திச் சுத்தம் செய்து மறுபடி விற்கிறோமே, அது இங்கே நடக்காது. ஃப்ளேஷ் சுவரை எவ்வளவு விரும்பினாலும் இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ராக் பிரின்ட் வந்தபோது அந்த உறுத்தல் அவர்களுக்கும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கூலி. சுவிட்சர்லாந்தில் ஒரு கொத்தனாரின் ஒரு மணி நேரக் கூலியை வைத்துப் பார்த்தால் ரோபோ கட்டுப்படியாகும். அந்தக் கணக்கை அப்படியே தூக்கி வந்து இங்கே போட்டால் தவறாகிவிடும். கொத்தனார் வேலைக்கு ஆள் குறைகிறது என்பது உண்மை. ஆனால் இருக்கிற கையை மதிக்காமல் இயந்திரம் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் என்ன கற்றுக்கொள்ளலாம்? மென்பொருளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ரைனோவும் கிராஸ்ஹாப்பரும் உங்கள் வகுப்பிலேயே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அதோடு பைத்தான் என்ற நிரல்மொழியும் கொஞ்சம் பழகுங்கள். இ.டி.எச். ஆட்கள் கம்பாஸ் என்ற நிரல்தொகுப்பை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். ரோபோவுக்கான பகுதி கிரமாசியோ கோலர் குழுவிலிருந்து வந்தது, வீட்டில் உட்கார்ந்தே ரோபோக் கை அசைவதைத் திரையில் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாதம் சைட்டில் நில்லுங்கள். பத்துக் கல்லை நீங்களே எடுத்து, கலவை இல்லாமல், திருப்பித் திருப்பி அடுக்குங்கள். எந்தக் கோணத்தில் மேல் கல் ஆடுகிறது, எங்கே மூட்டுக்கு மேல் மூட்டு வந்து விரிசலுக்கு வழியாகிறது, சாயங்கால வெயில் பட்டால் எந்த விளிம்பு முதலில் இருட்டாகிறது என்று பாருங்கள். ஃப்ளேஷின் நாலு பசைக் கோடு அப்படிப்பட்ட ஒரு மேசையில்தான் பிறந்திருக்கும். திரையில் எல்லாக் கல்லும் ஒட்டிக்கொள்ளும், அதுதான் ஆபத்து.

கடைசியாக இன்னொரு சுவர். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். கிரீஸ் நாட்டில் பிட்னா என்ற இடத்துக்குப் பக்கத்தில் கித்ருஸ் ஒயின் கூடம். மறுபடி ஒயின், மறுபடி கான்கிரீட் சட்டகம், மறுபடி திரும்பிய செங்கல். 2019இல் ஆய்வுக்குழு செய்தது. 225 சதுர மீட்டர், 13,596 கல். கையால் செய்த கல், ஒன்றுக்கொன்று அளவு கொஞ்சம் மாறும். கற்கள் திரும்புவதோடு நிற்காமல் முன்னும் பின்னும் சாயவும் செய்கின்றன. பசை இல்லை, ஈரக் கலவை. ரோபோவும் இல்லை. ஈரக் கலவை அமுங்கும், பிதுங்கும், வெயிலில் சீக்கிரம் இறுகும். அதைச் சமாளிக்கிற கை இன்னும் கொத்தனாரிடம்தான் இருக்கிறது.

அதனால் உள்ளூர்க் கொத்தனார்களையே வைத்துக் கட்டினார்கள். பக்கத்தில் ஒரு கேமரா, ஒரு திரை. தலையில் மாட்டும் கண்ணாடி எதுவும் கிடையாது. கேமரா செங்கல்லின் விளிம்புகளை அடையாளம் கண்டுபிடித்து, கல் இப்போது எங்கே இருக்கிறது, எங்கே இருக்கவேண்டும் என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். கொத்தனார் கரண்டியால் கலவையைப் போட்டு, கல்லை வைத்து, திரையைப் பார்க்கிறார். ஒரு தட்டு. மறுபடி பார்க்கிறார். இந்தப் பக்கம் லேசாக இன்னொரு தட்டு. கோடும் கல்லும் பொருந்தியதும் அடுத்த கல்.

அந்தக் காணொளியைப் பார்த்த அன்றைக்கே என் மேஸ்திரிக்கு அனுப்பினேன். "காட்டுங்க, வெச்சுத் தர்றேன்" என்று அவர் அன்று கேட்டதுதானே அது. சாயங்காலம் கூப்பிட்டார். திரையைப் பற்றியோ கோணத்தைப் பற்றியோ முதலில் பேசவில்லை. "கல்லச் சாய்க்கறதுக்கு ஒரு பக்கம் கலவைய ஏத்திப் போடுறாங்க பாருங்க சார், அது அந்தப் பொட்டி சொல்லித் தர்றதில்ல" என்றார். அப்புறம், அந்த முன்சுவரை இப்போது இந்த மாதிரி செய்தால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். வரைந்த கோப்பு இன்னும் என் கணினியில் இருக்கிறது. இந்த வாரம் திறந்து பார்க்கிறேன்.